தத்தெடுப்புக்கான வீட்டு ஆய்வு: எங்கே தொடங்குவது, எதற்குத் தயாராவது

தத்தெடுக்கப் பதிவு செய்த கையோடு பலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு குழந்தையை வளர்க்கத் தகுதியானவரா என்று பார்ப்பதுதான் வீட்டு ஆய்வு. வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அதில் சின்னப் பகுதி, பெரும்பகுதி பேச்சுதான். சமூகப் பணியாளர் ஒருவர் உங்களைச் சில முறை சந்திப்பார். தம்பதியாக இருந்தால் சேர்த்து வைத்தும் தனித்தனியாகவும் பேசுவார். வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் பேசி, ஆவணங்களைச் சரிபார்த்து, ஓர் அறிக்கை எழுதுவார்.

நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்புக்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 15-வது பிரிவு, அந்த அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: உங்கள் அடையாளம், சட்டத் தகுதி, பொருத்தம், பின்னணி, குடும்ப வரலாறு, உடல்நலம், சமூகச் சூழல், தத்தெடுக்கும் காரணம், எப்படிப்பட்ட குழந்தையை உங்களால் வளர்க்க முடியும் என்பது. உள்நாட்டுத் தத்தெடுப்பிலும் ஏறக்குறைய இதே தலைப்புகள்தான்.

ஒரு குழந்தைக்கு நீங்கள் சரியான பெற்றோரா என்று பின்னாளில் முடிவெடுக்கும் பலர் உங்களை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது இந்த அறிக்கை மட்டும்தான். ஆகவே பணியாளரை அசத்த வேண்டும் என்று நினைக்காமல், உங்களைப் பற்றி விவரமாக எழுத அவருக்குப் போதுமான உண்மைச் செய்தியைக் கொடுக்கத் தயாராகுங்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் காகித வேலை

கேட்கப்படும் ஆவணங்கள் நாட்டுக்கு நாடு, தத்தெடுப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். ஆனால் இவை எங்கும் இருக்கும்: பிறப்புச் சான்று, திருமணச் சான்று, விவாகரத்து ஆகியிருந்தால் நீதிமன்ற ஆணை, முந்தைய துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்றும் வரிக் கணக்கும், மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, உங்களை நன்கு அறிந்த சிலரின் பரிந்துரைக் கடிதங்கள்.

தாமதமாக வருபவற்றை முதலில் கேட்டு வையுங்கள். வேறு நாட்டில் வசித்திருந்தால் அந்த நாட்டின் காவல்துறைச் சான்று, பழைய நீதிமன்ற ஆணையின் நகல், இந்த இரண்டும்தான் வழக்கமாக இழுத்தடிப்பவை. மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று இரண்டுக்கும் காலாவதி உண்டு. ஆகவே அவற்றை ரொம்ப முன்னதாகவும் வாங்கி வைக்காதீர்கள். ஒரு தாளில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் எதிரே விண்ணப்பித்த நாள், கைக்கு வந்த நாள், காலாவதியாகும் நாள் என மூன்றையும் எழுதி, கோப்பின் முதல் பக்கமாக வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் சேமியுங்கள்.

தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் கவலை இருக்கிறது: இனிஷியல். ஒரு சான்றில் 'ஆர். கமலா', இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக விரித்து, மூன்றாவதில் கணவர் பெயர் சேர்ந்து. வீட்டில் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் கோப்பைப் பார்ப்பவருக்கு இது மூன்று ஆட்கள். எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பிவைத்து, பெயரின் எழுத்துகளையும் பிறந்த தேதியையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று உறுதிமொழிப் பத்திரம் போதுமா, திருத்தமே செய்ய வேண்டுமா என்று முதல் சந்திப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கை முழுவதும் தயாரான பிறகு இது கண்ணில் பட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

மருத்துவச் சான்றில் 'நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார்' என்று ஒற்றை வரி எழுதி வாங்கினால் போதாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பழைய அறுவை சிகிச்சை என ஏதாவது இருந்தால் நான்கு செய்திகள் வேண்டும்: என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மருந்து, இப்போது கட்டுக்குள் இருக்கிறதா. கூடவே, குழந்தை வளர்ப்பதற்கு இது தடையாகுமா என்பதில் மருத்துவரின் கருத்து. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் இதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். மறைக்காதீர்கள். உதவி தேவைப்பட்டபோது தேடிப்போய்ப் பெற்றார், முறையாகத் தொடர்ந்தார் என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. சான்றுக்காக மருந்தை நிறுத்துவது ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பண விஷயத்தில் பணக்காரராக இருக்கத் தேவையில்லை. மாத வருமானம், வாடகை அல்லது வீட்டுக் கடன், மற்ற கடன்கள், மருத்துவக் காப்பீடு, மாதக் கடைசியில் மிஞ்சுவது என ஒரு பக்கக் கணக்கு போடுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு பத்தி: குழந்தை வந்த பிறகு கூடும் செலவு, ஒருவர் விடுப்பு எடுத்தால் குறையும் வருமானம். இரண்டாவது பத்தியை யோசித்து எழுதியவர்களிடம் பணியாளருக்குக் கேட்க அதிகம் இருக்காது. ஆய்வுக்கு முந்தைய வாரம் உறவினரிடம் கடன் வாங்கிக் கணக்கில் போட்டு இருப்பைப் பெரிதாகக் காட்டுவது வீண். வங்கி அறிக்கையில் அது அப்படியே தெரியும்.

இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியவை

தனித்தனியாகப் பேசும்போதுதான் தம்பதியரிடையே உள்ள விரிசல் வெளியே வரும். சண்டை போடுகிறீர்களா என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. எல்லா வீட்டிலும் உண்டு. ஒருவர் முழு மனதோடும், மற்றவர் 'அவ ஆசைப்படுறா, சரின்னு சொல்லிட்டேன்' என்ற நிலையிலும் இருந்தால் அங்கேதான் ஆய்வு நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். பாதி மனதோடு இருக்கும் வீட்டுக்குள் ஒரு குழந்தை வரக் கூடாது.

ஆளுக்கொரு தாள் எடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தத்தெடுக்கும் எண்ணம் முதலில் யாருக்கு வந்தது? எந்த வயதுக் குழந்தை? ஆணா பெண்ணா என்பதில் விருப்பம் உண்டா, ஏன்? அண்ணன் தங்கை என இரண்டு குழந்தைகள் சேர்ந்து வந்தால்? முதல் ஆண்டில் வேலையைக் குறைத்துக்கொள்வது யார்? குழந்தை சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பிறகு நமக்கே ஒரு குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? தாள்களை மாற்றிப் படித்துப் பாருங்கள். மாறுபட்ட பதில்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவற்றைப் பற்றிப் பேசத்தான் இந்த ஏற்பாடு. 'இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, பேசி இப்படி ஒரு முடிவுக்கு வந்தோம்' என்று பணியாளரிடம் சொல்வது, மனப்பாடம் செய்த ஒரே பதிலை இருவரும் ஒப்பிப்பதைவிட எவ்வளவோ மேல்.

கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்திருந்தால் அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். சிகிச்சை தொடர்கிறதா, நின்றுவிட்டதா, அந்த ஏமாற்றத்தின் வலி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். வலி முற்றிலும் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். வரப்போகும் குழந்தை, பிறக்காமல் போன குழந்தைக்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது என்பதே அவர்கள் அக்கறை. சிகிச்சை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அப்படிச் சொன்னால் சண்டை போடாமல் காரணத்தைக் கேளுங்கள்.

தனியாகத் தத்தெடுப்பவர்களிடம் ஒரு கேள்வி அழுத்தமாக வரும்: உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் அன்று இரவு குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? 'எல்லோரும் இருக்கிறார்கள்' என்பது பதில் ஆகாது. பெயர், உறவு, வீடு எவ்வளவு தூரம், அவர் சம்மதித்திருக்கிறாரா என்று சொல்லத் தெரிய வேண்டும். உங்களுக்குப் பின் குழந்தைக்குக் காப்பாளர் யார் என்பதையும் அவரிடமே பேசி முடிவு செய்துவிடுங்கள். தம்பதியருக்கும் இந்தக் கடைசிக் கேள்வி உண்டு.

வாழ்க்கைக் குறிப்பு

உங்களைப் பற்றி நீங்களே எழுதித் தரச் சொல்வார்கள். நான்கைந்து பக்கம் போதும். வளர்ந்த வீடு, அப்பா அம்மா கண்டித்த விதம், படிப்பு, வேலை, திருமணம், சந்தித்த இழப்பு, தத்தெடுக்கும் காரணம். இங்கே பொதுவான வாக்கியங்கள் எதற்கும் பயன்படாது. 'என் பெற்றோர் என்னைப் பாசத்துடனும் கண்டிப்புடனும் வளர்த்தார்கள்' என்பதில் எதுவும் தெரியவில்லை. 'மதிப்பெண் குறைந்தால் அப்பா இரண்டு நாள் என்னோடு பேச மாட்டார். அடிப்பதைவிட அது வலித்தது. என் குழந்தையிடம் அப்படி மௌனமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்' என்று எழுதினால், நீங்கள் யார், எப்படிப்பட்ட பெற்றோராக இருக்கப் போகிறீர்கள் என்பது மூன்று வரியில் வந்துவிடும். கடினமான சிறுவயது தகுதிக் குறைவு ஆகாது. அதைப் பற்றி யோசித்தே பார்க்காமல் இருப்பதுதான் கவலைக்குரியது.

வீட்டில் உள்ள மற்றவர்கள்

கூடவே வசிக்கும் மாமியார், மாமனார், அப்பா, அம்மா எல்லோரிடமும் பேசுவார்கள். 'சொந்த ரத்தம் போல வருமா' என்ற பேச்சு வீட்டில் இருந்தால், அது அன்றைக்கு வாயில் வராமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பு ஆகாது. பல வாரங்களுக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். குழந்தையின் ஜாதி, பிறந்த சூழல், நிறம் பற்றி உறவினர் கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்றும் முடிவு செய்யுங்கள். குழந்தையின் பிறப்புப் பின்னணி குழந்தைக்குச் சொந்தமான செய்தி. ஊராருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று பெரியவர்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஏற்கெனவே குழந்தை இருந்தால் அவர்களிடமும் வயதுக்குத் தகுந்தபடி பேசுவார்கள். 'தம்பி வந்தா ஜாலியா இருக்கும்னு சொல்லு' என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். 'என் பொம்மையை எல்லாம் எடுத்துக்குவானா?' என்று கேட்கும் குழந்தை இயல்பான குழந்தை.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களில் ஒருவராவது, நீங்கள் குழந்தைகளோடு பழகுவதை நேரில் பார்த்தவராக இருக்கட்டும். பெரிய பதவியில் இருப்பவரின் கையெழுத்தைவிட, உங்கள் வீட்டில் தன் பிள்ளையை விட்டுவிட்டு வெளியூர் போயிருக்கும் தோழியின் கடிதம் அதிகம் சொல்லும்.

வீட்டைப் பார்க்க வரும் நாள்

சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. பெரிய வீடாகவும் இருக்க வேண்டியதில்லை. குழந்தை எங்கே தூங்கும், எங்கே விளையாடும், எது ஆபத்து என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். தரையில் முட்டிபோட்டு, குழந்தையின் கண் உயரத்தில் ஒவ்வோர் அறையாகச் சுற்றி வாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதவை தெரியும்.

குளியலறையில் தொடங்குங்கள். பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் சின்னக் குழந்தைக்கு மரண ஆபத்து, 5 செ.மீ. ஆழமே போதும். பயன்படுத்தியதும் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். வாட்டர் ஹீட்டர் வெப்பத்தை 49 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். மருந்து, ஃபினைல், ஆசிட், பூச்சிமருந்து எல்லாம் உயரத்தில், பூட்டிய அலமாரியில். உயரம் மட்டும் போதாது, நாற்காலி போட்டு ஏறும் வயது சீக்கிரம் வந்துவிடும்.

பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் வலை அடியுங்கள். கம்பி ஓரத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் ஏறுவதற்கு வாகாக இருக்கக் கூடாது. பீரோ, புத்தக அலமாரி, டிவி மேசை ஆகியவற்றைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். இழுப்பறைகளைப் படி போல மிதித்து ஏறும்போதுதான் அவை குழந்தை மீது சாய்கின்றன. ரிமோட்டிலும் பொம்மையிலும் உள்ள பொத்தான் பேட்டரிகளைத் தேடிப் பாருங்கள், மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். கைக்குழந்தையாக இருந்தால் தூங்கும் கட்டிலின் கம்பி இடைவெளி 6 செ.மீ.க்குள், மெத்தை கெட்டியாகவும் தட்டையாகவும், தலையணை இல்லாமல். ஜன்னல் திரைகளின் தொங்கும் கயிற்றை உயரே கட்டுங்கள். நாய் இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து வையுங்கள். துப்பாக்கி இருந்தால் அது ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில்.

எல்லாம் செய்து முடித்திருக்க வேண்டும் என்பதில்லை. 'வலை அடுத்த வாரம் அடிக்கிறார்கள்' என்று நீங்களே சொன்னால் குறித்துக்கொள்வார். சில நாடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான் போன்றவை கட்டாயம். அந்தப் பட்டியலை நிறுவனத்திடம் முன்பே வாங்கிவிடுங்கள். குழந்தையின் அறையை முழுக்க அலங்கரிக்க வேண்டாம். எந்த வயதுக் குழந்தை வரும் என்பதே இன்னும் தெரியாது.

விருந்து சமைக்காதீர்கள், ஒரு டம்ளர் தண்ணீரோ டீயோ போதும். டிவியை அணைத்துவிட்டு, நேரத்தை ஒதுக்கி உட்காருங்கள்.

கேட்கும் கேள்விகளில் சில

'நான்கு வயதுக் குழந்தை வந்து இரண்டு வாரம் ஆகிறது. தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைத்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?' இது போன்ற கேள்விக்கு, 'அப்படிச் செய்யக் கூடாது என்று அன்பாக எடுத்துச் சொல்வோம்' என்பதே பெரும்பாலோர் வாயில் முதலில் வரும் பதில். பசியை அறிந்த குழந்தைக்கு, அடுத்த வேளை உணவு கட்டாயம் வரும் என்ற நம்பிக்கை சொல்லால் வராது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் உணவு வைத்து, அது தீரும்போதெல்லாம் நிரப்பி, ஒளித்ததைப் பற்றித் திட்டாமல் இருந்தால், நாளடைவில் ஒளிப்பது குறையும். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களின் நடத்தைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடுகிறீர்களா என்பதே இந்தக் கேள்வியின் சாரம். கைக்குழந்தை இரவு முழுக்க அழுவது, தூக்கினால் விறைத்துக்கொள்வது, பேச்சும் நடையும் வயதுக்குப் பின்தங்கியிருப்பது, பெரிய குழந்தை மீண்டும் படுக்கையை நனைப்பது ஆகியவற்றைப் பற்றியும் படித்து வையுங்கள்.

கண்டிப்பது எப்படி என்ற கேள்விக்கு 'தேவைப்பட்டால் ஓர் அடி' என்று சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். சொல்லாமல் மறைப்பதும் தீர்வாகாது. ஏற்கெனவே அடி வாங்கியோ கைவிடப்பட்டோ வந்த குழந்தையிடம் கை ஓங்கினால், உங்கள் மீது துளிர்க்கத் தொடங்கிய நம்பிக்கை அறுந்துவிடும். அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

'தத்தெடுத்ததைக் குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள்?' என்று கேட்டதும் 'பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம்' என்று சொன்னால், பேச்சு அங்கேயே நீளும். குழந்தைக்குப் புரியும் முன்பே, மடியில் வைத்துக் கதை போலச் சொல்லத் தொடங்க வேண்டும். எப்போது தெரிந்தது என்றே நினைவில்லாத அளவுக்கு அது இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டும். வெளியாள் வாயால் பதினைந்து வயதில் தெரியவந்தால், மறைத்ததுதான் காயமாக நிற்கும். பெற்ற தாயைப் பற்றிப் பேசும்போது உங்கள் சொல்லைக் கவனியுங்கள். 'தூக்கிப் போட்டுவிட்டுப் போனவள்' என்று நீங்கள் சொன்னால், குழந்தை தான் தூக்கிப் போடப்பட்டதாகவே நினைக்கும்.

எந்தக் குழந்தையை வளர்க்க முடியும்

வயது, உடல்நலம், சிறப்புத் தேவை பற்றி விருப்பத்தைக் குறிக்கச் சொல்வார்கள். 'கடவுள் எந்தக் குழந்தையைக் கொடுத்தாலும் சரி' என்பது நல்ல மனசுதான், ஆனால் அதை வைத்து ஒரு குழந்தையின் வாழ்க்கையை முடிவு செய்ய முடியாது. உதட்டுப் பிளவு, காது கேளாமை, குறைப்பிரசவம், ஹெபடைடிஸ் பி, இதயத்தில் துளை என ஒவ்வொன்றையும் எடுத்து, என்ன சிகிச்சை, எத்தனை ஆண்டு, மருத்துவமனை எவ்வளவு தூரம், செலவு எவ்வளவு என்று ஒரு குழந்தைநல மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை சிகிச்சையோடு பெருமளவு சரியாகிவிடும் குறையும் உண்டு, வாழ்நாள் முழுக்கக் கவனிப்பு தேவைப்படுவதும் உண்டு. முடியாததை முடியாது என்று சொல்வதில் குற்றவுணர்வு வேண்டாம். கூச்சப்பட்டுச் 'சரி' என்று போட்டுவிட்டு, குழந்தையின் விவரம் வந்த பிறகு பின்வாங்கினால் அந்தக் குழந்தையின் காத்திருப்புதான் நீளும்.

எங்கே சிக்கும்

தடைபடுவதற்கு முதல் காரணம் மறைத்தது வெளியாவது. பத்து வருடம் முந்தைய அடிதடி வழக்கு, முதல் திருமணம், கட்டாத கடன் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். வழக்கு என்ன ஆனது என்ற காகிதத்தோடு சொல்லுங்கள். பல வழக்குகளைவிட அவற்றை மறைத்ததே பெரிய கேள்வியாகிவிடுகிறது. ஆனால் குழந்தைக்கு எதிரான குற்றம், வன்முறைக் குற்றம் போன்றவை வேறு. அவற்றில் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

இரண்டாவது, நடுவில் வரும் மாற்றம். வேலை மாறுவது, வீடு மாறுவது, கர்ப்பமாவது, வீட்டுக்குப் புதிதாக ஒருவர் தங்க வருவது எதுவானாலும் உடனே தெரிவியுங்கள். அறிக்கையில் இணைப்பு எழுதினால் போதும் என்ற இடத்தில், தெரிவிக்காமல் விட்டதால் முழு ஆய்வையும் மறுபடி செய்ய நேரிடும்.

அறிக்கை வரைவைப் படிக்க அனுமதி இருந்தால் வரிவரியாகப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, வருமானம், குழந்தையின் வயது வரம்பு ஆகிய நான்கிலும் தட்டச்சுப் பிழை வருவதுண்டு. 2 முதல் 4 வயது என்பது 2 முதல் 14 என்று ஆனால் யாருக்கு என்ன குழப்பம் என்று சொல்லத் தேவையில்லை. பணியாளரின் கருத்தை மாற்றச் சொல்லாதீர்கள். தகவல் பிழையை மட்டும் எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். பரிந்துரை இல்லை என்று வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கான வழியும் கால வரம்பும் என்ன என்று கேளுங்கள். பல நேரங்களில் 'ஆறு மாதம் ஆலோசனை பெற்று வாருங்கள்' என்பது போன்ற, சரிசெய்யக்கூடிய காரணமாகவே இருக்கும்.

கால அளவு நாட்டைப் பொறுத்தது. இந்தியாவின் 2022 தத்தெடுப்பு விதிகளின்படி ஆவணங்கள் தந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் ஆய்வு முடிய வேண்டும். அறிக்கை மூன்று ஆண்டு செல்லும். இங்கிலாந்தில் இரண்டு மாத முதல் கட்டம், நான்கு மாத இரண்டாம் கட்டம் எனப் பிரித்திருக்கிறார்கள். அறிக்கை காலாவதியாகும் தேதியைக் கோப்பின் முதல் தாளில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். காவல்துறைச் சான்றும் மருத்துவச் சான்றும் அப்போது மறுபடி புதிதாக வேண்டியிருக்கும்.